குறிப்பேட்டில் இல்லாத பரோட்டா

என் எடை தொண்ணூற்று நான்கு கிலோ. எண்பத்தைந்துக்கு வந்தால்தான் என் சிறுநீரகம் ஒன்றை எடுத்துத் தம்பிக்கு வைக்க முடியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூன்று மாதம் கொடுத்தார். குடும்பத்தில் பொருந்தியது என்னுடையது மட்டும்தான்.

தம்பி சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். இப்போது செவ்வாய், வியாழன், சனி மதியம் டயாலிசிஸ். எனக்குப் பத்திரிகையில் இரவுப் பணி என்பதால் காரில் அழைத்துப் போவது நான்தான். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் அவனை எடை பார்ப்பார்கள். உடம்பில் தேங்கிய தண்ணீர் இரண்டு நாளில் இரண்டு கிலோ ஏற்றியிருக்கும். நான்கு மணி நேரத்தில் இறங்கிவிடும். அவன் இறங்கியதும் அதே கருவியில் நான் ஏறுவேன்.

சாப்பிடுவதையெல்லாம் நேரத்தோடு எழுதி வரச் சொன்னார், அறுவை சிகிச்சை ஏற்பாடுகளைக் கவனிக்கும் பெண். எழுதுவது என் தொழில். 'காலை 8.10: இட்லி மூன்று. 11.30: மோர்.' முதல் மாதம் ஐந்து கிலோ குறைந்தது. இரண்டாவது மாதம் எண் இறங்கவே இல்லை.

காரணம் எனக்குத் தெரியும். ரெட்டியார்பாளையத்தில் அவன் வீட்டுக்குத் திரும்பும் முனைக்குச் சற்று முன்னால் ஒரு பரோட்டா கடை. மாலை ஐந்து மணிக்கு நாங்கள் வரும்போது கல் சூடாகியிருக்கும், சால்னா கொதிக்கும். தம்பிக்கு அதெல்லாம் விலக்கு.

"நிறுத்துண்ணா. நீ சாப்பிடு, நான் பாக்கறேன்."

"எடை ஏறிடும்டா."

"அது எனக்கு வரப்போற கிட்னி. பட்டினி போடாத."

எதிரில் உட்கார்ந்து, நான் மெல்வதைப் பார்ப்பான். "சால்னால சோம்பு தூக்கலா? ஓரம் மொறுமொறுன்னு இருக்கா?" நான் சொல்லச் சொல்ல அவன் தொண்டை ஏறி இறங்கும். கோயிலில் இன்னொருவர் பெயருக்கு அர்ச்சனை செய்வதில்லையா, அதுபோல இது அவன் பெயரில் சாப்பிட்டது என்று எடுத்துக்கொண்டேன். அதனால் குறிப்பேட்டில் எழுதவில்லை.

பசி இல்லை என்பதையும் கவனித்திருந்தேன். ஒரு மணிக்குத்தான் சாப்பிட்டிருப்பேன். ஆனாலும் கடைக்கு இரண்டு சிக்னல் முன்பே வாயில் எச்சில் ஊறிவிடும். முதல் பரோட்டாவில் இருந்த ருசி மூன்றாவதில் இருக்காது. கை மட்டும் நிற்காது.

மூன்றாவது மாதத் தொடக்கத்தில் எடை பார்த்தபோது தொண்ணூறரை. குறைந்திருந்ததிலும் ஒன்றரை கிலோ திரும்பி ஏறியிருந்தது. அந்தப் பெண் குறிப்பேட்டை முன்னும் பின்னும் புரட்டினார்.

"மத்த நாள்லாம் அஞ்சு மணிக்கு டீன்னு இருக்கு. செவ்வாய், வியாழன், சனி மட்டும் டீ கூட குடிக்கறதில்லையா சார்?"

அடுத்தவர் செய்தியில் விடுபட்டதைக் கண்டுபிடித்தே இருபது வருடம் சம்பளம் வாங்கியவன் நான்.

"நான்தான் மேடம் சாப்பிட வச்சேன்" என்றான் தம்பி.

"ஏன்?"

அவன் சுவரைப் பார்த்தான். "எடை குறையலன்னா எடுக்க மாட்டீங்க இல்ல? அண்ணனுக்கு ரெண்டு பொண்ணு. இவருக்கு ஒன்னு ஆயிடுச்சின்னா அண்ணி மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"அதை வாயால சொல்லணும். பரோட்டா வாங்கிக் குடுத்து இல்ல" என்றார் அவர். பிறகு என்னிடம், "இன்னும் நாலு வாரம்தான் சார். அதுக்கு மேல இவர் உடம்பு தாங்காது."

தம்பியின் வாக்குமூலத்தோடு விட்டிருந்தால் பழி அவனோடு போயிருக்கும். குறிப்பேட்டை வாங்கி எழுதினேன்: 'போன சனி, மாலை 5.05: பரோட்டா மூன்று, சால்னா. தம்பி காரில் தூங்கிக்கொண்டிருந்தான்.' அவனிடம் நீட்டினேன்.

"நான் தூங்கும்போதுமா?"

"ஆமாம்."

"அடப்பாவி! நான் இங்க திட்டம் போட்டுக் கெடுத்துட்டேன்னு ஒரு மாசமா மனசு கெடந்து அடிச்சிக்குது." சிரித்தான். சிரிப்பு முடிய நேரமானது. "வீட்ல அண்ணி என்னா சொல்றாங்க?"

"குடுங்கன்னு சொன்னதே அவதான். உன்கிட்ட யாரும் சொல்லலையா?"

அவன் குறிப்பேட்டை மூடிக் கையில் வைத்துக்கொண்டான். திருப்பித் தரவில்லை.

அடுத்த செவ்வாய், டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது அது அவன் மடியில் விரிந்திருந்தது. "இனிமே நான் எழுதறேன். நீ ஓட்டு." கடை நெருங்கியதும் தன் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றினான். கல்லில் கரண்டி தட்டும் சத்தம் அப்போதும் கேட்டது. எச்சில் ஊறியது, விழுங்கினேன்.

"மணி அஞ்சு நாலு. ஒன்னுமில்லன்னு போடட்டா?"

முன்னால் போன பஸ் பிரேக் போட்டது. கடைக்கு நேர் எதிரே எங்கள் காரும் நின்றது. கடைக்காரர் எங்களைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

"இருடா," என்றேன். "இன்னும் தாண்டல."