கடைசி வரிக்கு முன்னால்

அந்த பஸ் டிரைவருக்கு நகர மண்டபத்தில் ‘அவசரம்’ என்று பெயர். ரோட்டில் அவர் ஓட்டும் வண்டி ஒரு நாளும் நேரத்துக்கு வந்ததில்லை என்று பயணிகள் கரித்துக்கொட்டுவார்கள். பாடும்போது மட்டும் எப்படித்தான் அவ்வளவு வேகம் வந்ததோ.

வருஷத்துக்கு ஒரு முறை அங்கே சேர்ந்து பாடும் கூட்டம் நடக்கும். கேட்பதற்கென்று யாரும் வருவதில்லை. வருகிற எல்லாரும் பாட வேண்டியதுதான். பல தலைமுறைகளாகப் பாடிவரும் பெரிய கூட்டுப்பாடல் அது. நாலு வகைக் குரலுக்கு நாலு பக்கம் நாற்காலி. டிரைவர் உட்காரும் கனத்த குரல் ஆண்கள் வரிசை ஒரு பக்கம், டிரைவரின் மனைவி பாடும் பெண்கள் வரிசை நேர் எதிரே.

அந்தப் பாட்டில் கடைசி வரிக்கு முன்னால் ஒரு மௌனம் வரும். தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருக்கிற கூட்டம் சட்டென்று நிற்க வேண்டும். கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம்கூடக் கேட்கக் கூடாது. போன வருஷம் எல்லாரும் நின்றார்கள், டிரைவர் நிற்கவில்லை. அவர் குரல் மட்டும் தன்னந்தனியாகப் போய்க் கூரையில் இடித்தது. கூட்டம் சிரித்த சிரிப்பில் கடைசி வரி பாழாய்ப் போயிற்று. பெயரும் ஒட்டிக்கொண்டது.

இந்த வருஷம் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்து காட்ட வேண்டும். வேறு எதுவும் வேண்டாம் அவருக்கு. டிப்போவில், சிக்னலில், குளியலறையில் அந்த இடத்தையே பாடிப் பாடி நிறுத்திப் பழகினார். பாதி தடவை நின்றார், பாதி தடவை வழுக்கினார். சமையலறையிலிருந்து மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மண்டபத்துக்குள் நுழைந்ததிலிருந்தே எரிச்சல்தான். பக்கத்து நாற்காலியில் மருந்துக்கடைக்காரர் வந்து உட்கார்ந்தார்.

“என்னண்ணே, இன்னைக்காவது பிரேக் பிடிக்குமா?”

“உங்க புத்தகத்தைப் பாத்துப் பாடுங்க, போதும்.”

மேடையில் குச்சி பிடித்துப் பாட்டை நடத்துகிறவர் வேறு, “கடைசி இடத்துல எல்லாரும் கொஞ்சம் பொறுமையா இருக்கணும்” என்று பொதுவாகச் சொல்வதுபோல் டிரைவரையே பார்த்தார். நாலு பக்கத்துத் தலைகளும் அவர் பக்கம் திரும்பின. இந்த வயதில் இது தேவையா, பேசாமல் வீட்டில் கிடந்திருக்கலாம் என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பாட்டு ஆரம்பித்தது, ஏறியது, அந்த இடமும் வந்தது. குச்சி அந்தரத்தில் நின்றது. டிரைவர் உதட்டைக் கடித்துக்கொண்டு, இரண்டு காலையும் தரையில் அழுத்தி உட்கார்ந்தார். வாய் திறக்கவில்லை. பாட்டை நிறுத்தியேவிட்டார்.

அந்த மௌனத்துக்குள் எதிர் வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் கணீரென்று கிளம்பியது. அவர் மனைவி.

மண்டபம் மொத்தமும் அவள் பக்கம் திரும்பிச் சிரித்தது. அவள் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டாள். கடைசி வரி இந்த வருஷமும் பாழ்.

“குடும்பத்தோடவே கிளம்பிட்டீங்களாண்ணே?” என்றார் மருந்துக்கடைக்காரர்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் டிரைவர் அவளுக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். அங்கே போய்த்தான் வெடித்தார்.

“அந்த இடத்துல வாயத் திறக்கக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா பாடின?”

அவள் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாள். “நீங்க எப்படியும் பாடிடுவீங்கன்னு நெனச்சேன். போன வருஷம் தனியா மாட்டிக்கிட்டு முழிச்சீங்களே, எனக்குப் பாக்கவே முடியல. இந்தத் தடவை கூட இன்னொரு குரல் இருந்தா அவ்வளவா தெரியாதுன்னுதான்...”

அவருக்கு ஆத்திரமாக இருந்தது. பஸ் வருகிற வழியையே பார்த்துக்கொண்டு கடைசியில் கேட்டார்.

“நான் பாடாம நின்னேனே, அதையாவது பாத்தியா?”

“இல்லைங்க. பயத்துல கண்ண மூடிட்டுத்தான் பாடினேன்.”