மண்ணை முகர்ந்தவர்

தொண்ணூறுகளில் ஒருநாள், அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் ஓர் ஆராய்ச்சியாளர் மண் எடுத்துக்கொண்டிருந்தார். வெயிலில் கறுத்த, நடுவயதுப் பெண். ஒவ்வொரு பிடியையும் முகர்ந்த பிறகே பையில் போட்டார்.

"பூஜைக்காம்மா?" என்றேன்.

சிரித்தார். "மருந்து தேடறேன் சார். மழை பெஞ்சா மண்வாசனை வருதுல்ல? அதை உண்டாக்கற நுண்ணுயிர் வகையிலேருந்துதான் டி.பி.க்கு முதல் மருந்தே கண்டுபிடிச்சாங்க. இப்ப புதுசு வேணும்."

"பழசு என்ன ஆச்சு?"

"ஜனங்க கொஞ்சம் தேறினதும் மாத்திரைய நிறுத்திடறாங்க. மிஞ்சின கிருமி மருந்துக்குப் பழகிடுது. அப்புறம் எது குடுத்தாலும் கேக்காது."

என் மனைவிக்கும் அதே நோய்தான். மூன்றாம் மாதமே தேறி, பௌர்ணமியன்று என்னோடு மலையை முழுதாகச் சுற்றி வந்தாள். அண்ணாமலையாரே குணமாக்கிவிட்டார், இனி மாத்திரை எதற்கு என்று நிறுத்தியவன் நான். மறுபடி இருமல் வந்தபோது எந்த மருந்தும் அவளைக் காப்பாற்றவில்லை.

அவரிடம் இதைச் சொன்னேன்.

"நிறுத்தக்கூடாதுனு யாரும் சொல்லலையா சார்?"

"சொன்னாங்கம்மா."

அவர் கையிலிருந்த மண்ணை முகராமலே பையில் போட்டார்.

அவருக்குப் புது மருந்து கிடைத்ததா, தெரியவில்லை. முதல் மழைக்கு ஊரே வாசலுக்கு வந்து மண்வாசனையை மூச்சிழுத்து முகர்கிறது. நான் ஜன்னலைச் சாத்திவிடுகிறேன்.