தண்டப்பணத்தோடு முடியவில்லை

இந்த வேல்ஸ் நாட்டில் பொலிஸ்காரர் முகத்தைப் பார்க்காமலே பிடிபடலாம். இருபது மைல் வேகத்துக்கு மேல் போகக்கூடாத கிராமத்தில் நான் இருபத்தெட்டில் போயிருக்கிறேன். கை காட்டி நிறுத்த ஒருவரும் இல்லை, கமராதான் படம் பிடித்திருக்கிறது. சில நாளில் கடிதம்தான் வந்தது. வேகத்தைப் பற்றிய வகுப்புக்கு வருகிறீர்களா, இல்லை தண்டப்பணமும் லைசன்ஸில் மூன்று குற்றப் புள்ளியுமா என்று கேட்டிருந்தார்கள்.

இலங்கையில் பதுளைப் பக்கம் தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டிய காலத்தில் நானும் பிடிபட்டவன்தான். பெரகல வளைவில் முந்தினால் பொலிஸ் லைசன்ஸை வாங்கிக்கொண்டு துண்டு எழுதித் தரும். தபாற்கந்தோரில் கட்டி, ரசீதைக் காட்டி, லைசன்ஸைத் திருப்பி வாங்கினால் விசயம் முடிந்தது. இங்கும் அப்படித்தான் என்று நினைத்தேன். இருபது வருசம் லொறி ஓட்டியவனுக்கு வகுப்பா என்ற ரோசம் வேறு. அன்றே கட்டினேன். நாலு மாதத்தில் இன்னொரு கடிதம். அதையும் கட்டினேன்.

மூன்றாவது கடிதம் லைசன்ஸ் ரத்து என்றது. நம் நாட்டு லைசன்ஸ் இங்கே ஒரு வருசம்தான் செல்லும் என்பதால் பரீட்சை எழுதிப் புதிது எடுத்திருந்தேன். பாஸாகி இரண்டு வருசத்துக்குள் ஆறு புள்ளி சேர்ந்தால் பறித்துவிடுவார்களாம். புதிதாக வருகிறவர்கள் இதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

“இரண்டையும் கட்டிவிட்டேன். லைசன்ஸை எந்த ஸ்டேஷனில் வாங்குவது?” என்று லைசன்ஸ் கந்தோருக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

“கட்டியதால்தான் புள்ளி ஏறியது. இனி முதலிலிருந்து பரீட்சை எழுத வேண்டும்” என்றாள் அங்கிருந்த பெண்.

வேலைக்கு நடந்தே போகலாம். கைவிட்டுப் போனது ஞாயிற்றுக்கிழமைதான். நாற்பது மைல் தள்ளி, பண்டாரவளைக்காரி ஸ்டெல்லா அக்கா வீட்டில் தமிழ் ஜெபக்கூட்டம். வாரத்தில் நான் தமிழ் பேசுவது அங்கே மட்டும்தான். ஞாயிறு எங்கள் ஊருக்கு பஸ் இல்லை. பரீட்சைக்கு நாள் கிடைக்க மாதக்கணக்காகும். வந்து கூட்டிப் போகச் சொல்ல வெட்கம். மூன்று ஞாயிறு வேலை என்று பொய் சொன்னேன். என் குரல் எனக்கே மறந்துவிடும் போலிருந்தது.

போன ஞாயிறு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, வாசலில் ஓடாமல் நிற்கும் என் காரில் சும்மா போய் உட்கார்ந்தேன். அக்காவிடமிருந்து போன் வந்தது.

“தம்பி, எங்க இருக்கீங்க? பாட்டு தொடங்கப் போறோம்.”

“வண்டியிலதாங்க இருக்கேன் அக்கா.”

“அப்ப சரி. மெதுவா வாங்க, சோறு எடுத்து வைக்கிறேன்.”

“ஆமாங்க, வந்துக்கிட்டே இருக்கேன்” என்றேன். சீட் பெல்ட் போட்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.