நீலம் பூசிய கயிறு

எனக்குப் படம் பற்றி ஒன்றும் தெரியாது. அரியாலையில் மீன்பிடிக்கிறவன். மகளைக் கட்டின மருமகன் சுவருக்குப் பெயின்ற் அடிக்கிறவர். அவரும் நாலைந்து கூட்டாளிமாரும் சேர்ந்து ஒரு சிரிப்புப் படம் எடுத்தார்கள். எமதூதன் ஒருவன் வழி தவறி யாழ்ப்பாணத்தில் இறங்கி, சைக்கிளில் ஆள் தேடித் திரிகிற கதை. மருமகன்தான் எமதூதன். தலையில் தகர முடி.

எமதூதன் வானத்திலிருந்து இறங்க வேண்டும். அதற்கு வசதி இல்லை. வேப்பமரத்தின் உச்சிக் கொப்பில் கப்பி கட்டி, என் தோணிக் கயிற்றைப் போட்டோம். ஒரு நுனி மருமகனின் இடுப்பில். மற்றது என் கையில். கயிறு படத்தில் தெரியக்கூடாது என்று, எங்கோ மிஞ்சின நீலப் பெயின்ற்றை அவரே அதில் பூசினார்.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

"மாமா, காய்ஞ்சிட்டுதோ?"

நுனியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

"ஓம். நீர் ஏறும்."

நடுக்கயிறு காயவில்லை. அவரை மேலே இழுத்து முடிய, கயிறு என் கைக்குள் வழுக்கிக்கொண்டு ஓடியது. அவர் கத்தினார். நான் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு நிலத்தில் விழுந்தேன். அவர் நிலத்துக்கு ஒரு முழம் மேலே நின்றார்.

அவிழ்த்துவிட்ட பிறகு சிரித்தார்.

"அவவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ, மாமா."

மகளுக்கு அப்போது ஆறாம் மாதம். முதல் பிள்ளை தங்கவில்லை. நான் சொல்லவில்லை.

படத்தைச் சனசமூக நிலையத்தில் ஒரு பின்னேரம் காட்டினார்கள். யன்னலுக்குச் சாக்கு கட்டி இருட்டாக்கியிருந்தார்கள். மகளுக்கு அப்போது எட்டாம் மாதம். எனக்குப் பக்கத்தில் இருந்தாள். மருமகன் விழுந்த இடத்தைப் படத்திலிருந்து வெட்டியிருப்பார்கள் என்று நினைத்துத்தான் நானும் வந்தேன்.

வெட்டவில்லை. எமதூதன் வானத்திலிருந்து விழுகிறான். நீலக் கயிறு பளிச்சென்று தெரிகிறது.

"ஐயோ மாமா! விடாதேங்கோ மாமா!"

சனம் இருந்த கதிரையை அடித்துச் சிரித்தது.

"எமலோகத்திலையும் மாமன் இருக்கிறாரடா!"

"அவன் பொம்பிளை எடுத்தது இஞ்சைதான் போலை!"

மகளும் சிரித்தாள். முடிந்துவிட்டது என்று மூச்சு விட்டேன். அதற்குள் பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

"அந்த இடத்தை இன்னொருக்காப் போடுங்கோ!"

போட்டார்கள். சனம் முதலைவிடப் பலமாகச் சிரித்தது. மகள் சிரிக்கவில்லை. புருசனின் குரல் அவளுக்குத் தெரியும்.

"அப்பா. இது நடிப்போ?"

நான் திரையைப் பார்த்தேன்.

"கயிறு ஆரின்ரை கையிலை இருந்தது?"

"என்ரை கையிலை."

அவள் வயிற்றைப் பிடித்தாள்.

"நோகுதோ பிள்ளை?"

"இல்லை. உதைக்குது."

பிறகு படம் முடியும் வரை அவள் என் பக்கம் திரும்பவில்லை. நான் படத்தைப் பார்க்கவில்லை. அவளுடைய கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அது மறுபடி வயிற்றுக்குப் போகிறதா என்று.

வெளியில் மருமகனைச் சுற்றிச் சனம். படம் எடுத்தவர் மகளிடம் ஓடி வந்தார்.

"அக்கா, சனத்துக்கு அந்த இடம்தான் பிடிச்சிருக்கு. அடுத்த படத்திலை இன்னும் உயரத்திலை இருந்து விழுத்தப்போறம்."

"விழுத்துங்கோ," என்றாள். "ஆனா அப்பா ஏறட்டும். கயித்தை என்ரை மனுசன் பிடிப்பார்."

எல்லாரும் சிரித்தார்கள். மருமகனும் சிரித்தார். அவள் சிரிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஓம்," என்றேன்.