ராஜாக்களை அறிவித்த துவானெட்

சோன் நதிக்கரையில் இருக்கிற மோன்வெர்னே ஊரில் தண்டோரா போடும் வேலை பிலிபேர் பார்தூவுடையது. கழுத்தில் தம்பட்டத்தை மாட்டிக்கொண்டு சந்தைத் திடல், பாலத்தடி, கொல்லர் சந்து என்று ஒவ்வொரு முனையிலும் நின்று அடித்து, நகரசபை சொன்னதைச் சொல்லிவிட்டுப் போவான். பாரீசில் ராஜாவின் தலையை வெட்டிவிட்டார்கள், இனிமேல் குடியரசுதான் என்று அவன் அறிவித்தது ஒரு ஜனவரி மாதத்து மழையில். அன்றைக்குக் கட்டிய தொண்டை அதற்குப் பிறகு திறக்கவே இல்லை. செத்துப்போன ராஜாவின் சாபம் என்று ஊரில் சிலர் முணுமுணுத்தார்கள்.

"சாபமுமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல. நனைஞ்ச சட்டையோட விடிய விடிய ஒயின் கடையில உக்காந்தா தொண்டை என்ன பண்ணும்?" என்றாள் அவன் மனைவி துவானெட்.

அவள் ஆற்றுத் துறையில் துணி வெளுப்பவள். அக்கரையில் இருப்பவளிடம் இக்கரையிலிருந்தே வம்பு பேசிப் பழகிய குரல் அவளுடையது. அதனால் அவன் தம்பட்டம் அடிக்க, அவள் கூவ, இரண்டு பேருமாக அந்த வேலையைப் பார்த்தார்கள். சில வருடங்களில் அவன் இறந்தபோது தம்பட்டமும் அவள் கழுத்துக்கு வந்தது. பொம்பளை தண்டோரா போடுவதா என்று நகரசபையில் சிலர் முகம் சுளித்தார்கள். மேயர் கார்னிஷே அவர்களைப் பார்த்து, "சத்தம் தொண்டையிலேர்ந்துதானே வருது? மீசையிலேர்ந்தா வருது?" என்று கேட்டு வாயை அடைத்தார்.

கார்னிஷே பத்திரம் எழுதும் நோட்டரி. குடியரசு காலத்தில் சிவப்புக் குல்லாய் போட்டார். படைத் தளபதி ஒருவர் சக்கரவர்த்தியானதும் அதைக் கழற்றிவிட்டுப் பட்டுத் தொப்பிக்கு மாறினார். ஆட்சி மாறினாலும் மேயர் மாறவில்லை. அறிவிப்பை அவர் இரண்டு தடவை படித்துக் காட்டுவார். எழுத்து தெரியாத துவானெட் அதை அப்படியே மனதில் வாங்கிக்கொண்டு கிளம்புவாள்.

பட்டாளத்துக்குச் சீட்டெடுக்கும் நாளையும் அவள்தான் வருடாவருடம் அறிவித்தாள். ஒரு வருடம் அந்தச் சீட்டில் அவளுடைய ஒரே மகன் ஆந்தெல்முக்குப் பட்டாளத்துக்குப் போயே தீர வேண்டிய கெட்ட எண் விழுந்தது. கொல்லர் சந்து பெனுவாவுக்கும் அப்படியே. நகரசபைப் படியில் இறங்கி வந்த ஆந்தெல்ம் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்க முயன்றான்.

"ஏம்மா, எல்லை வரைக்கும் உன் சத்தம் கேக்கும்ல? சாப்பாட்டு நேரத்துக்கு ஒரு குரல் குடு, ஓடி வந்துடறேன்."

"போடா, வாயாடி" என்று சொல்லி அவன் சட்டைக் காலரைச் சரி செய்தாள்.

சக்கரவர்த்தி அவர்களை ரஷ்யாவுக்குக் கூட்டிப் போனார். அந்த வருடத்துப் பையன்களில் திரும்பி வந்தவன் பெனுவா ஒருவன்தான், அதுவும் பனியில் இரண்டு விரல்களைப் பறிகொடுத்துவிட்டு. வந்த அன்றைக்கே துவானெட்டின் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"ஒரு பாலத்துக்கிட்ட கூட்டத்துல பிரிஞ்சிட்டோம்க்கா. அப்புறம் நான் அவனைப் பாக்கல."

"கால்ல ஜோடு இருந்துச்சா?"

"இருந்துச்சுக்கா. நல்ல ஜோடு."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். பொய் என்று அவளுக்குத் தெரிந்தது. சூப் கிண்ணத்தை அவன் பக்கம் தள்ளி, "சாப்பிடு" என்றாள்.

அடுத்த வருடமே சக்கரவர்த்தியை ஒரு தீவுக்கு அனுப்பிவிட்டார்கள். பழைய ராஜாவின் தம்பி அரியணை ஏறினார். அதை துவானெட் தொண்டை கிழியக் கூவினாள். ராஜா குடும்பத்தின் மேல் அவளுக்குப் பெரிய பாசம் ஒன்றும் கிடையாது. இனிமேல் சீட்டெடுப்பு இருக்காது என்று மேயர் சொல்லியிருந்தார், அதுதான்.

ஆனால் மறு வருடம் மார்ச்சில் சக்கரவர்த்தி தீவிலிருந்து தப்பி, படை திரட்டிக்கொண்டு சோன் கரையோரமாகவே பாரீசுக்குப் போனார். ஊரே தலைகீழானது. கார்னிஷே தொப்பியிலிருந்த ராஜாவின் வெள்ளை ரிப்பனைப் பிடுங்கிவிட்டுச் சக்கரவர்த்தியின் மூவர்ண ரிப்பனைக் குத்திக்கொண்டார்.

"இன்னைக்கு ஒரே விஷயந்தாம்மா, துவானெட். சக்கரவர்த்தி வந்துட்டார்னு சொல்லிட்டு, கடைசியில 'சக்கரவர்த்தி வாழ்க'ன்னு முடிக்கணும்."

அவள் திடலுக்குப் போய்த் தம்பட்டம் அடித்தாள். சக்கரவர்த்தி திரும்பி வந்ததைச் சொன்னாள். குச்சிகளை இடுப்பில் செருகிக்கொண்டு நடக்கத் தொடங்கினாள்.

கூட்டத்தின் முன்னால் பெனுவா நின்றிருந்தான். காலையிலிருந்தே குடித்திருந்தான். "மிச்சத்தையும் சொல்லுக்கா! வாழ்கன்னு சொல்லு!"

"வந்துட்டார்னு சொல்லிட்டேன். வாழறதை அவரே பாத்துக்கட்டும்."

யாரோ சிரித்தார்கள். பெனுவாவுக்கு முகம் சிவந்துவிட்டது. ஒரே உதை. வார் அறுந்து தம்பட்டம் கல்லில் உருண்டு தோல் கிழிந்தது. "என் விரல் ரெண்டு அந்தப் பனியில கெடக்கு, தெரியுமா உனக்கு? நானே அவருக்காகக் கத்தறேன்! உனக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

"உனக்கு விரல்தானேடா அங்க கெடக்கு" என்றாள் துவானெட்.

பெனுவா கூட்டத்துக்குள் புகுந்து போய்விட்டான். அன்று மாலை அவன் அம்மா கத்ரின் வந்து மகனுக்காக மன்னிப்புக் கேட்டு அழுதாள். துவானெட் கதவைத் திறந்தாள். ஆனால் உட்காரச் சொல்லவில்லை. மகனை இழந்தவள் அவள். அவனைக் கூட்டிப்போன மனிதருக்கே ஜே போட்டவன் மேல் அவளுக்கு இருந்த கோபம், தம்பட்டத்துக்குப் புதுத் தோல் போட்ட பிறகும் ஆறவில்லை.

கோடையில் சக்கரவர்த்தி பெல்ஜியத்தில் தோற்றார். மறுபடியும் ராஜா. மறுபடியும் மேயர் தொப்பியில் வெள்ளை ரிப்பன். ஊருக்குள் ஆஸ்திரிய சிப்பாய்கள் வந்து வீடு வீடாகத் தங்கி, கோழிகளைத் தின்று தீர்த்தார்கள். அவர்கள் பின்னாலேயே குதிரைப் போலீசாரும் வந்தார்கள். மார்ச்சில் சக்கரவர்த்திக்கு ஜே போட்டுக் கலாட்டா செய்தவர்களைப் பிடித்துப் போக வேண்டும் என்று உத்தரவு. சொல்லப்பட்ட பெயர்களில் முதல் பெயர் பெனுவா.

மேயர் அன்று அவள் முகத்தைப் பார்க்காமலேயே படித்தார். ஒளித்து வைப்பவர்களுக்கும் சிறை. "போலீஸ்காரங்க சத்திரத்துல சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க. முடிச்சதும் அவங்களோட சேர்ந்து போ. திடல்லேர்ந்து ஆரம்பி" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உன் தம்பட்டத்தைக் கிழிச்சவன்தானே?" என்றார்.

"ஆமாங்கய்யா."

சத்திரத்து ஜன்னல் வழியே பார்த்தாள். மேஜையில் பாதி வாத்து மிச்சமிருந்தது. போலீசார் பெல்ட்டைத் தளர்த்திவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். துறைக்கல்லில் தினமும் தன் பக்கத்தில் மண்டியிட்டுத் துணி அடிக்கும் கத்ரினின் கைகள்தான் அப்போது அவள் நினைவுக்கு வந்தன. நாளைக்கு அந்தக் கைகளின் பக்கத்தில் எப்படி உட்காருவது என்று தோன்றியது.

அவள் திடலுக்குப் போகவில்லை. நேராகக் கொல்லர் சந்துக்குப் போய், பட்டறைக்கு எதிரில் நின்று, அடி அடியென்று அடித்தாள். பெனுவா சுத்தியலோடு வெளியே வந்தான்.

"பழி வாங்க வந்துட்டியாக்கா?"

அவள் அவனைப் பார்க்கவில்லை. சந்து முழுக்கக் கேட்கும்படி கூவினாள்: "மோன்வெர்னே மக்களுக்கு அறிவிப்பது! ராஜாவின் உத்தரவுப்படி, கொல்லன் பெனுவாவையும் அவன் கூட்டாளிகளையும் பிடிக்கக் குதிரைப் போலீசார் வந்திருக்கிறார்கள்! அவர்கள் இப்போது சத்திரத்தில் இருக்கிறார்கள்! வாத்துக் கறியில் பாதி மிச்சமிருக்கிறது! கடைசியில் வரும் பாலாடைக்கட்டி இன்னும் மேஜைக்கு வரவில்லை!"

ஒரு கணம் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒரு கிழவர், "அட மடையா, ஓடுடா!" என்று கத்தினார். சுத்தியல் கீழே விழுந்தது. பெனுவா கொல்லைப்புறச் சுவரைத் தாண்டித் திராட்சைத் தோட்டங்களுக்குள் ஓடினான். மற்றவர்களும் அந்த வழியே போனார்கள். அதற்குப் பிறகு அவள் நிதானமாகப் பாலத்தடிக்கும், கடைசியாகத் திடலுக்கும் போய், உத்தரவை ஒரு சொல் விடாமல் அறிவித்தாள்.

போலீஸ் அதிகாரி மேஜையைக் குத்தினார். "உன்னைத் திடல்லேர்ந்துதானே ஆரம்பிக்கச் சொன்னது?"

"ஊர் முழுக்கச் சொல்லச் சொன்னீங்க, சொன்னேன். ஒரு தெரு முன்னபின்ன ஆயிடுச்சு. வயசாகுதில்லீங்களா?"

"அந்தப் பாலாடைக்கட்டி?"

கார்னிஷே இருமிக்கொண்டே குறுக்கிட்டு, மகன் போனதிலிருந்து இவளுக்குப் புத்தி சரியில்லை என்றார். அந்தச் சொல் அவளைச் சுட்டது. ஆனாலும் அதுதான் அவளைச் சிறையிலிருந்து காப்பாற்றியது. தம்பட்டத்தைப் பிடுங்கி வெளியூர்க்காரன் ஒருவனுக்குக் கொடுத்தார்கள். அவள் முழுநேரமும் துறைக்கே திரும்பினாள். முதல் வாரமே மேயர் வீட்டுப் படுக்கை விரிப்புகளெல்லாம் அவளிடம் வெளுக்க வந்தன. அழுக்கே இல்லாத விரிப்புகள். அவள் அவற்றையும் சோப்புப் போட்டுத் துவைத்துக் கொடுத்தாள்.

சுவிஸ் பக்கம் போன பெனுவா, சில வருடம் கழித்து ராஜா பொதுமன்னிப்பு அறிவித்த பிறகு திரும்பி வந்தான். ஆற்றோரம் அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"என் மேல அவ்ளோ கோவத்துல இருந்தியேக்கா. அப்புறம் ஏன்?"

"கோவம் இப்பவும் இருக்கு. அதுக்காக இன்னொருத்தியும் என்னை மாதிரி வாசலையே பாத்துக்கிட்டு உக்காரணுமா?" என்றவள், ஒரு முனையை அவன் கையில் கொடுத்தாள். "பிடி, இந்த விரிப்பை முறுக்கணும். மூணு விரல் போதும்."

அவன் பிடித்துக்கொண்டான். அன்றிலிருந்து அவளுக்கு விறகு வெட்டிப் போட்டது அவன்தான்.

பல வருடம் கழித்து, அந்த ராஜாவும் செத்து அவர் தம்பி ஆண்டபோது, ஒரு ஜூலையில் பாரீசில் மூன்று நாள் சண்டை நடந்து அவரும் ஓடிப்போனார். வெளியூர்த் தண்டோராக்காரன் பயந்து ஊரை விட்டே போய்விட்டான். தடி ஊன்றிய கார்னிஷே தானே துறைக்கு இறங்கி வந்தார்.

"புது ராஜாம்மா. மூவர்ணக் கொடி பிடிக்கிற ராஜா. நீதான் வந்து சொல்லணும்."

"இவரு யாருய்யா?"

"பழையவருக்குச் சொந்தக்காரர்தான்."

துவானெட் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தாள். மேயருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அவர் கூடவே மேலே ஏறினாள்.

திடலில் அவள் புது ராஜாவை அறிவித்தபோது யாரும் சந்தோஷத்தில் குல்லாயை மேலே வீசவில்லை. திராட்சைக்காரர் ஒருவர் மட்டும், "ஒயின் வரியை எடுத்துடுவாராமா?" என்று கேட்டார்.

"அதைப் பத்தி ஒண்ணும் சொல்லலீங்க."

"அப்ப கேட்டுச் சொல்லு."

அவள் நகரசபைப் பக்கம் திரும்பி, படியில் நின்ற மேயரைப் பார்த்து, ஊருக்கே கேட்கும் குரலில் கேட்டாள்: "ஐயா, ஒயின் வரி என்னாச்சுன்னு கேக்கறாங்க!"