சூடு ஆறக் கூடாத பிளாஸ்க்

எங்கள் சமையலறை அலமாரியில் அகல வாய் வைத்த பழைய பிளாஸ்க் ஒன்று இருக்கிறது. மூடியின் நீல வண்ணம் பாதிக்கு மேல் உரிந்துவிட்டது. அதிலிருந்து இத்தனை வருடங்களில் நான் ஒரு வாய் தேநீர் குடித்ததில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடம், “அப்பாவுக்கு பிளாஸ்க் டீ பிடிக்காது” என்று என் மகள் சொல்லுவாள். நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். காரணத்தைச் சொன்னால் அதற்குப் பிறகு அவளும் அதைத் தொட மாட்டாள்.

அவளுக்கு அப்போது ஆறு வயது. நான் ஆவடியில் தொழிற்சாலை வேலையில் இருந்தேன், குடியிருப்பில் வீடு. அவளுக்குச் சளியும் காய்ச்சலும் வந்து போயின. குழந்தைகளுக்கு வராத காய்ச்சலா என்று நாங்களும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காய்ச்சல் விட்ட பிறகுதான் கண் மஞ்சளாயிற்று, உதடு வெளுத்தது. ஒரு காலையில் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போயிற்று. ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பியபோது, கண்ணாடிக் குழாயில் ரத்தம் கட்டிபோல் ஆகிவிட்டது, மறுபடி எடுக்க வேண்டும் என்றார்கள். மறுபடி எடுத்ததும் அப்படித்தான் ஆயிற்று. குழந்தையின் ரத்தமாயிற்றே என்று மிகுந்த அக்கறையோடு ஐஸ் பெட்டியில் வைத்துத்தான் அனுப்பியிருந்தார்கள். அந்த அக்கறைதான் காரியத்தைக் கெடுத்தது என்று கண்டுபிடித்தவர் ஆவடியிலேயே சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் இருந்த குழந்தை வைத்தியர். நாங்கள் அவரை டாக்டரம்மா என்போம்.

அவர் அந்தக் கண்ணாடிக் குழாயை வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். உள்ளே சிவப்பு ரவையைக் கொட்டி வைத்தாற்போல் பொடிப்பொடியாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் தன் உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு, எனக்குச் சொந்த ஊர் எது, தொழிற்சாலையில் என்ன வேலை என்று சம்பந்தமில்லாமல் விசாரித்தார். எனக்கு எரிச்சல்கூட வந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கையை விரித்தார். பொடிகளைக் காணோம். ரத்தம் ஒழுங்காக அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓடியது. தூங்கியது விழித்துக்கொண்ட மாதிரி இருந்தது. “அவ உடம்பே அவ ரத்தத்தை வேத்தாள்னு நினைச்சு அழிக்குது சார். குளிர் பட்டா அது இன்னும் ஜாஸ்தியாகும்” என்றார். பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே அடங்கிவிடுமாம். இவளுக்கு அடங்கவில்லை.

அதன் பிறகு எங்கள் வீடு வீடாக இல்லை. ஆவடி வெயிலில் ஜன்னலை மூடி, மின்விசிறியை நிறுத்தி, குழந்தைக்கு ஸ்வெட்டரும் கையுறையும் போட்டு உட்கார வைத்திருந்தோம். மாத்திரையில் முகம் பன் மாதிரி உப்பியதே தவிர, ரத்தம் ஏறவில்லை. எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டம்மா உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று, திருவேற்காட்டு அம்மன் கோயிலுக்கு ஒரு நடை கூட்டிப் போகச் சொல்லிவிட்டுப் போனார். வியர்வை வழியும் மஞ்சள் முகத்தோடு, கையுறை விரல்களில் கலர் பென்சிலைப் பிடித்துக்கொண்டு ஒருநாள் அவள் கேட்டாள்: “அப்பா, என் ரத்தத்துக்கு என்னைப் பிடிக்கலையா?” அழவில்லை, பயப்படவில்லை, இட்லிக்குச் சட்னி இல்லையா என்று கேட்கிற குரல். நான் எழுந்து குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மார்கழி மழையில் அவள் அடியோடு சரிந்தாள். மூச்சு வாங்கியது. உடனே ரத்தம் ஏற்றியாக வேண்டும். ஆனால் எந்த ரத்தத்தைச் சேர்த்துப் பார்த்தாலும் அவளுடையது முறைத்துக்கொண்டு கட்டிதட்டியது. பூந்தமல்லிப் பக்கம் பெரிய ரத்த வங்கியில்தான் பொருத்தம் பார்க்க முடியும், அதுவரை குழாய் உடம்புச் சூட்டிலேயே இருக்க வேண்டும். “இந்தக் குளிர்ல பாப்பாவை வெளியே எடுக்க முடியாது சார். அவ ரத்தம் மட்டும் போய்ட்டு வரட்டும்” என்றார் டாக்டரம்மா. அவள் பள்ளிக்குப் பால் கொண்டுபோன பிளாஸ்க்கில் இளஞ்சூட்டுத் தண்ணீரை ஊற்றி, குழாயை உள்ளே இறக்கி மூடினார். வழியில் திறக்கவே கூடாது என்றார்.

தண்ணீர் தேங்கிய சாலையில் ஆட்டோக்காரர்கள் வர மறுத்தார்கள். கிடைத்த ஷேர் வேனில் பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பள்ளத்தில் வண்டி இறங்கும்போதெல்லாம் உள்ளேயிருந்து ‘டொக் டொக்’ என்று தட்டும் சத்தம். குழாய்தான் இடிக்கிறது என்று தெரியும். தெரிந்தும், “இரும்மா, வந்துடுச்சு” என்று முணுமுணுத்தேன். எதிரில் ஒரு பெண். அவள் கைக்குழந்தை விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

“அண்ணே, பிளாஸ்க்குல சுடுதண்ணி கீதா? கொஞ்சம் குடுண்ணே, புள்ளைக்குப் பால் கலக்கிக்கிறேன்.”

நான் முடியாது என்று தலையை ஆட்டினேன். பக்கத்திலிருந்தவர், “பச்சப்புள்ளைக்குத் தண்ணி தர மாட்டேன்றியே, இன்னா மனுசன்யா நீ?” என்று பிளாஸ்க்கின் மேல் கை வைத்தார்.

“இதுல என் பொண்ணு ரத்தம் இருக்கு” என்றேன்.

கை சட்டென்று விலகியது. அந்தப் பெண் புடவைத் தலைப்பால் குழந்தையின் முகத்தை மூடிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து உள்ளே மறுபடி தட்டியது. பூந்தமல்லி வரைக்கும் எல்லோரும் என்னை விட்டுத் தள்ளியே உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் குழந்தைகூட அழுகையை நிறுத்திவிட்டது.

சூடு ஆறாமல்தான் கொண்டு சேர்த்தேன். இருந்தவற்றுள் குறைவாகப் பகைத்த ரத்தம் ஒன்றைத் தேடிக் கொடுத்தார்கள். அதையும் இளஞ்சூடாக்கித்தான் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். பிறகு டாக்டரம்மா மல்லுக்கட்டி வரவழைத்த ஒரு ஊசி மருந்து, அந்தச் சண்டையை மெல்ல மெல்ல நிறுத்தியது. ஆனால் கடைசி வரை ‘குணமாயிடுச்சு’ என்ற வார்த்தை அவர் வாயில் வரவே இல்லை. “அடங்கியிருக்கு” என்பார். அந்தச் சொல்லோடுதான் இன்றும் குடித்தனம் நடத்துகிறேன்.

மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். பருத்திப்பட்டில் ஏரியைப் பார்த்த அடுக்குமாடியில் இருக்கிறோம். போன வாரம் நல்ல மழை. சாயங்காலம் நனைந்து வந்தவள் அந்தப் பழைய பிளாஸ்க்கை மேசைமேல் வைத்தாள். “ஷேர் ஆட்டோல ஒரு கைக்குழந்தை ஒரே அழுகைப்பா. நல்லவேளை சுடுதண்ணி வெச்சிருந்தேன். மொத்தமும் அவங்களுக்கே ஊத்திக் குடுத்துட்டேன்.”

நான் பிளாஸ்க்கை எடுத்துக் காதோரம் ஆட்டிப் பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை. “என்னப்பா பண்றீங்க?” என்று சிரித்தாள். கையைக் கொடு என்றேன். விரல் நுனிகள் சில்லென்று இருந்தன. மழையில் வந்த பிள்ளைக்கு வேறு எப்படி இருக்கும்? அந்த விரல்களை என் இரண்டு உள்ளங்கைக்குள்ளும் பொத்திக்கொண்டு, இன்றைக்கு என்ன வகுப்பு, கேன்டீனில் என்ன சாப்பிட்டாய் என்று, சூடு ஏறுகிற வரைக்கும் சம்பந்தமில்லாமல் விசாரித்துக்கொண்டிருந்தேன்.