நெடுந்தீவுக்கு வந்த கொம்பியூட்டர்

எங்கள் வீட்டுக்குக் கொம்பியூட்டர் வாங்கப் போனபோது எனக்கு ஒன்பது வயது. அன்று கடையில் நான் சொன்ன ஒரு சொல்லால் அக்காவின் படிப்புக் காலமே கெட்டுப்போனது என்று பல வருடங்கள் நம்பிக்கொண்டிருந்தேன். பெரிய சாபம் ஒன்றும் இல்லை. "பெரிசு" என்று சொன்னேன், அவ்வளவுதான்.

அக்காவுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம், எங்கள் பேச்சில் கம்பஸ், கிடைத்திருந்தது. நெடுந்தீவிலிருந்து நாள்தோறும் யாழ்ப்பாணம் போய்வந்து படிக்க முடியாது. வள்ளத்தில் ஒரு மணித்தியாலம், குறிகட்டுவான் துறையில் இறங்கினால் பஸ்ஸில் இன்னொரு மணித்தியாலத்துக்கு மேல். ஆகவே அவள் அங்கே அறை எடுத்துத் தங்குவதாக முடிவாயிற்று. படிப்புக்குக் கொம்பியூட்டர் இல்லாமல் சரிவராது என்று அவள் சொல்ல, அப்பா இரண்டு நாம்பன் மாடுகளை விற்றார். அந்தக் காசுக்குள் எது வருமோ அதுதான், அதற்கு மேல் ஒரு சதமும் கிடையாது. அக்காவின் ஆசை ஒரு லப்டொப். மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விடலாம். அப்பா அதற்கு மறுப்பும் சொல்லவில்லை, ஓமென்றும் சொல்லவில்லை. "போய்ப் பாப்பம்" என்றார். மாடு வாங்கப் போனாலும் இதையேதான் சொல்வார். பிறகு தான் மனதில் நினைத்ததைத்தான் பிடித்துக்கொண்டு வருவார்.

வள்ளத்தில் அக்கா என்னைத் தன் பக்கத்தில் இருத்திக்கொண்டாள். கடல் அன்று எண்ணெய் வார்த்ததுபோல் அசையாமல் கிடந்தது. வானம் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. எஞ்சின் சத்தத்தில் கண் தானாகச் செருகியது. பாதி நித்திரையில் அக்காவின் குரல் காதுக்குள் கேட்டது.

"அப்பா உன்னட்டைக் கேட்டால் சின்னதுதான் வடிவெண்டு சொல்லு. என்ரை நீலக் குடையை உனக்குத் தாறன்."

அப்பா என் பேச்சுக்குத் தலையாட்டுவார் என்று அவளுக்குத் தெரியும். நான் கடைக்குட்டி. எங்கள் பட்டியில் கன்றுகளுக்குப் பெயர் வைப்பதே நான்தான். அக்காவின் குடையிலோ வெள்ளைப் பூக்கள் போட்டிருந்தன. உடனே ஓமென்றேன்.

கடை ஒரு மாடியில் இருந்தது. அப்பா வாசலில் செருப்பைக் கழற்றினார், நாங்களும் கழற்றினோம். உள்ளே குளிர். சுழல் கதிரையில் ஒரு பெண் இருந்தாள், அக்காவைவிட நாலைந்து வயது மூப்பு இருக்கும். விற்பதும் அவள்தான், கழற்றித் திருத்துவதும் அவள்தான். எங்களிடம் உள்ள காசைக் கேட்டதுமே, அதற்குப் புதியது வராது என்று அவளுக்கு விளங்கிவிட்டது. பாவித்த சாமான்கள் இருந்த பக்கம் கூட்டிக்கொண்டு போய், பின்பக்கம் புடைத்த பெரிய மொனிற்றரும் பெட்டியுமாக ஒன்றைப் போட்டுக் காட்டினாள்.

அப்பாவுக்குத் தெரிந்த ஒரே வியாபாரம் மாட்டு வியாபாரம். அதனால் கொம்பியூட்டரையும் அப்படியே பார்த்தார். முதலில் தூரத்தில் நின்று பார்த்தார். பின்னால் சுற்றிப் போய்ப் பார்த்தார். விலாவில் உள்ளங்கையை வைத்துச் சூடு பிடித்தார். குனிந்து காதைக் கொடுத்து, அது மூச்சு விடுகிற சத்தத்தைக் கேட்டார்.

"முந்தி வைச்சிருந்தவர் இதை ஏன் வித்தவர்?"

"அவை குடும்பத்தோடை கனடாவுக்குப் போட்டினம் ஐயா."

அப்பா அக்காவை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "ஒரு நேரம் கறந்து பாக்காமல் நாங்கள் மாடு வாங்கிறேல்லைப் பிள்ளை. ஓடட்டும். இருந்து பாக்கிறன்" என்றார். அக்காவுக்கு மானம் போயிற்று, சுவரில் இருந்த கலண்டரைப் படிப்பதுபோல் திரும்பி நின்றாள். கடைக்காரப் பெண் சிரிக்கவில்லை. எங்களுக்கு மூன்று கதிரைகளை இழுத்துப் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள்.

நாங்கள் எந்த ஊர் என்று அவள் கேட்டது கொஞ்சம் கழித்துத்தான். நெடுந்தீவு என்றதும் நெற்றியைச் சுருக்கினாள். அந்த நாட்களில் எங்கள் தீவில் பின்னேரம் தொடங்கிச் சில மணித்தியாலங்கள்தான் கரண்ட் இருக்கும். "அப்ப உது சரிவராது ஐயா. லப்டொப்தான் நல்லம். கரண்ட் வரேக்கை சார்ஜ் போட்டால் பகலிலையும் பாவிக்கலாம்" என்று சொல்லி, அலுமாரியைத் திறந்து ஒன்றை எடுத்தாள். அதுவும் பாவித்ததுதான். விலையும் எங்கள் கைக்கு அடக்கம். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று அக்காவின் முகம் சொன்னது.

அப்பா அதை இரண்டு கையாலும் வாங்கிப் பாரம் பார்த்தார். "இதை எங்கையும் கொண்டு போகலாமோ?"

"ஓம் ஐயா. எங்கை போனாலும் கூடவே கொண்டு போகலாம். அதுதானே இதின்ரை விசேசம்."

அப்பா அதை மெல்ல, நோகாமல், மேசையில் வைத்தார். கள்ளன் தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்று பயப்படுகிறார் என நான் நினைத்தேன்.

நான் அப்போது வேறு உலகத்தில் இருந்தேன். யாரும் தொடாமல் விட்ட பெரிய மொனிற்றரில் திடீரென்று மீன்கள் வந்துவிட்டன. நீலத் தண்ணீருக்குள் மஞ்சள் மீன், சிவப்பு மீன், கோடு போட்ட மீன். கடல் சூழ்ந்த ஊரில் பிறந்தவளுக்கு மீன் புதிதா என்று கேட்கலாம். எனக்குத் தெரிந்த மீன்களெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு கூடைக்குள் கிடந்தவை. இவையோ ஒருவருக்கும் பயப்படாமல், ஒரு அவசரமும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தன. கண்ணாடியில் மூக்கு முட்டப் பார்த்துக்கொண்டு நின்றேன். குளிரும் அந்த நீலமும் சேர்ந்து, நானும் உள்ளே போய்விட்டதுபோல் இருந்தது.

"பிள்ளை, எது வடிவு?" அப்பாவின் குரல் கரையிலிருந்து கேட்டது.

"பெரிசு" என்றேன்.

சொன்ன பிறகுதான் குடை ஞாபகம் வந்தது. அக்கா என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்கவில்லை.

"அப்பா, இவ்வளவு பெரிய சாமானை நான் எப்பிடி அறைக்குக் கொண்டு போறது?" என்று அவள் கேட்டாள்.

"ஆர் கொண்டுபோகச் சொன்னது? அது வீட்டிலை நிக்கட்டும். நீ வந்து செய்யலாம்தானே" என்றார் அப்பா. பிறகு, தீர்ப்பு என்னுடையது என்பதுபோல், "சின்னவள் சொல்லிப்போட்டாள்" என்று சேர்த்தார்.

திரும்பி வரும்போது மொனிற்றரைப் போர்வையால் சுற்றி, மேலே தண்ணீர் புகாத படங்கும் சுற்றி, அப்பா மடியில் வைத்துக்கொண்டு வந்தார். உப்புத் தண்ணீர் தெறிக்கிற பக்கம் தன் முதுகைக் கொடுத்தார். அக்கா நீலக் குடையை விரித்துக்கொண்டு வள்ளத்தின் மற்றத் தொங்கலில், கடைசி முனையில், போய் இருந்தாள்.

அம்மா கலண்டரைப் பார்த்து, கொம்பியூட்டரைத் தொடங்க அடுத்த நாள் காலை நல்ல நேரம் என்று சொல்லிவிட்டார். காலையில் கரண்ட் இல்லையே என்று யாரும் கேட்கவில்லை. சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, அப்பா சுவிச்சை அமத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. நாங்கள் கும்பிட்டோம். அம்மா எல்லோருக்கும் சர்க்கரை தந்தார். பின்னேரம் கரண்ட் வந்ததும் நான் அமத்தியபோதுதான் அது உயிர் பெற்றது, ஆனால் அது கணக்கில் இல்லை என்று அம்மா சொன்னார், காலையிலேயே தொடங்கிவிட்டதாம்.

அக்கா யாழ்ப்பாணம் போனாள். போனவள் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கடைசி வள்ளத்தில் வந்தாள். எழுதிக் கொடுக்க வேண்டியதையெல்லாம் கொம்பியூட்டரில் அடிக்க வேண்டுமே, கொம்பியூட்டரோ எங்கள் வீட்டில். அப்பா அன்று மத்தியானமே அதற்குத் தூசி தட்டிவிட்டு, சைக்கிளோடு இறங்குதுறையில் போய் நிற்பார். அக்கா வந்து, கரண்ட் இருக்கும்போது அரை மணித்தியாலம் டக் டக்கென்று அடிப்பாள், கொப்பியைக்கூடப் பார்க்கமாட்டாள். மிச்ச நேரமெல்லாம் அம்மாவோடு குசினியில் அடுப்போரம் கதை. அப்பா கொம்பியூட்டருக்குப் பக்கத்தில் கதிரை போட்டு, மீன் வரும்வரை காத்திருப்பார்.

ஒரு மாரியில் கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தபோதும் வந்தாள். தின்றதையெல்லாம் வழியில் சத்தி எடுத்து, முழுக்க நனைந்து வந்து நின்றாள். எனக்குத் தாங்கவில்லை. கிணற்றடியில் அவள் முகம் கழுவும்போது அழுதுவிட்டேன். "நான் பெரிசெண்டு சொன்னதாலைதானே நீ இப்பிடி வாறாய்?"

அக்கா என் தலையில் ஈரக் கையை வைத்தாள். "ஓம், உன்னாலைதான்" என்று சொல்லிச் சிரித்தாள். அவள் என்னை மன்னிக்கவில்லை என்றுதான் எனக்கு விளங்கியது.

பத்து வருடங்கள் கழித்து எனக்கும் அதே கம்பஸ் கிடைத்தது. அக்கா அப்போது வவுனியாவில் வேலையில் இருந்தாள். முதல் வாரம் கொம்பியூட்டர் அறைக்குப் போனேன். வாசலிலிருந்து சுவர்வரை வரிசை வரிசையாகக் கொம்பியூட்டர்கள், பாதிக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தன. பதிவுக் கொப்பியில் என் ஊரை எழுதியதைப் பார்த்துவிட்டு, அறைக்குப் பொறுப்பாயிருந்தவர் நிமிர்ந்தார்.

"நெடுந்தீவோ? முந்தியும் உங்கடை ஊர்ப் பிள்ளை ஒண்டு இஞ்சை வாறது. நீலக் குடை கொண்டு திரிவா. வெள்ளிக்கிழமை எண்டால் காலமையே வந்து எல்லாத்தையும் அடிச்சு முடிச்சுப்போட்டு, வள்ளத்துக்கு நேரமாச்செண்டு ஓடுவா."

வெளியே வந்து மரத்துக்குக் கீழே நின்று அக்காவுக்குப் போன் எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்பாட்டைச் சொல்லிப்போடாதை" என்றாள்.